மணியோசை மறவாதவர்கள்



கோடை விடுமுறையும் கிறிஸ்து பிறப்புக் காலமும் நெருங்கும்போதெல்லாம் பங்கு இல்லத்துக்கு அழைப்பிதழ்கள் வந்து குவிவது வழக்கம். அவற்றுள் அண்மை ஆண்டுகளில் ஒருவகை பெருகி வருவதைக் காண்கிறோம். திருமண அழைப்புகளுக்கும் புதுமனை புகுவிழா அழைப்புகளுக்கும் நடுவே 'முன்னாள் மாணவர் சந்திப்பு' என்னும் தலைப்புடன் அவை வருகின்றன. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே விடுதியில் உண்டு, ஒரே கூடத்தில் பாய் விரித்து உறங்கி, ஒரே மணியோசைக்கு எழுந்தவர்கள் இன்று கைப்பேசியில் குழு அமைத்து, ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்து, பழைய போர்டிங்கில் ஒருநாள் கூடி மகிழ விரும்புகிறார்கள். அந்நாளில் திருப்பலி நிறைவேற்றித் தருமாறு நம்மைக் கேட்கிறார்கள். நாமும் மகிழ்ச்சியோடு செல்கிறோம். அவ்வாறு சென்று வந்த சந்திப்புகள் நம் உள்ளத்தில் எழுப்பிய சிந்தனைகளை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

உப்புமாவும் தகரப் பெட்டியும்

விடுதி வாழ்வை அறியாதவர்களுக்கு இவர்களுடைய பேச்சு வியப்பையே தரும். வங்கி அதிகாரி ஒருவரும், கடலோடி ஒருவரும், ஓய்வு பெறும் தறுவாயில் உள்ள ஆசிரியர் ஒருவரும் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, தங்கள் தகரப் பெட்டியின் பூட்டைப் பற்றியும், அதனுள் அம்மா வைத்து அனுப்பிய முறுக்கு எத்தனை நாள் தாங்கியது என்பதைப் பற்றியும் அரைமணி நேரம் பேசுவார்கள். விடியுமுன் அடிக்கும் மணி, கிணற்றடியில் வாளியோடு நின்ற வரிசை, கண்ணைக் கசக்கிக்கொண்டே கண்ட காலைப் பூசை, படிப்புக் கூடத்தின் மௌனம், அலுமினியத் தட்டில் விழுந்த கோதுமை உப்புமா, மாலைச் செபமாலை, வீட்டாரைக் காணும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்து வரவேண்டிய மணியார்டர் வராமற்போன மாதத்தின் மனக்கலக்கம் - இவையே அவர்களுடைய பேச்சின் பொருள்கள்.

ஒரு சந்திப்பில், பழைய நினைவுக்காக அந்தக் கோதுமை உப்புமாவையே காலை உணவாகச் செய்யச் சொல்லியிருந்தனர். அனைவரும் ஆரவாரத்தோடு தட்டை ஏந்தி அமர்ந்தனர். இரண்டு வாய் உண்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். மெல்ல ஒருவர் பின் ஒருவராக இட்லி இருந்த பக்கம் நகர்ந்தனர். நமக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நினைவில் இனிக்கும் உப்புமா நாவில் இனிப்பதில்லை! ஆயினும் இதில் ஓர் உண்மை உண்டு. அவர்கள் தேடி வந்தது உப்புமாவை அன்று. அதைப் பகிர்ந்து உண்ட நாள்களை. வீட்டை விட்டுப் பிரிந்த பத்து வயதுச் சிறுவன் இரவில் போர்வைக்குள் அழுதபோது, பக்கத்துப் பாயிலிருந்து நீண்டு வந்த ஒரு கையை.

மழையில் நனைந்து வந்தவன்

விடுதிகள் ஏன் தோன்றின என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1847ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டுத் தூரின் நகரில், மழையில் நனைந்து நடுங்கிய அநாதைச் சிறுவன் ஒருவன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினான். வேலை தேடி மலைப்பகுதியிலிருந்து வந்தவன். கையிலிருந்த காசு தீர்ந்துபோயிற்று. அது தொன் போஸ்கோ சுவாமிகளும் அவர்தம் தாய் மார்கரெட் அம்மையாரும் வாழ்ந்த எளிய இல்லம். இதற்கு முன்னும் அவர்கள் வீடற்ற இளைஞர் சிலரை வைக்கோல் பரணில் தங்க வைத்ததுண்டு. விடிந்து பார்த்தால் ஆள்களையும் காணோம், கொடுத்த போர்வைகளையும் காணோம்! எனினும் அம்மையார் அன்றிரவு கதவை அடைக்கவில்லை. அடுப்பங்கரையில் செங்கல்லை அடுக்கி, அதன்மேல் பலகையிட்டு, அச்சிறுவனுக்குப் படுக்கை விரித்தார். உறங்குமுன் நேர்மையைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் இரண்டொரு நல்வார்த்தை சொன்னார். உலகெங்கும் பரவிய சலேசிய விடுதிகளின் தொடக்கம் அந்த அடுப்பங்கரைப் படுக்கைதான்.

நம் நாட்டிலும் தேவையே விடுதிகளைப் பெற்றெடுத்தது. இயேசு சபையினர் 1844ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்டது. சலேசியத் துறவியர் 1906ஆம் ஆண்டு சனவரியில் தஞ்சாவூருக்கு வந்து, அங்கே ஆதரவற்ற சிறுவர்களுக்காகப் பணி தொடங்கினர். அக்காலத்தில் உயர்நிலைப் பள்ளிகள் நகரங்களில் மட்டுமே இருந்தன. கடற்கரைக் குப்பத்துச் சிறுவனுக்கும், வானம் பார்த்த பூமியின் உழவர் மகனுக்கும், கூலி வேலை செய்யும் தாயின் மகளுக்கும் விடுதி இல்லையேல் படிப்பு இல்லை. பிற்காலத்தில் சிற்றூர்தோறும் பள்ளிகள் எழுந்தன, 1956இல் தொடங்கிய மதிய உணவும், 1982இல் விரிவடைந்த சத்துணவும் ஏழைப் பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளிக்கே ஈர்த்தன, பேருந்துகள் பெருகின. ஆகவே, பல ஊர்களில் விடுதியின் தேவை குறைந்தது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. பிள்ளைகள் தாயின் மடியிலிருந்தே பள்ளிக்குச் செல்ல இயன்றால் அதைவிட மேலானது எது? ஆனால் பழைய மாணவர்கள் வந்து பார்க்கும்போது, தாங்கள் உறங்கிய கூடம் பூட்டிக் கிடப்பதையோ கணினி அறையாக மாறிவிட்டதையோ கண்டு திகைத்து நிற்கிறார்கள். அந்தத் திகைப்பிலிருந்துதான் மெய்யான கேள்வி பிறக்கிறது: கட்டடம் மாறிவிட்டது, நாம் இங்கே பெற்றுக்கொண்டது எது? அதை இனி யாரிடம் சேர்ப்பது?

காப்பிக் கோப்பைகள்

தூரின் நகரத்து விடுதியில் வளர்ந்தவர்களுள் கார்லோ கஸ்தீனி என்பவர் ஒருவர். முடிதிருத்தும் கடையில் எடுபிடியாக இருந்த சிறுவன் அவர். தாயை இழந்து, தங்க இடமின்றி அழுதுகொண்டிருந்த வேளையில் தொன் போஸ்கோ அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கேயே புத்தகம் கட்டும் தொழிலைக் கற்று அவர் ஆளானார். 1870ஆம் ஆண்டு சூன் 24, புனித திருமுழுக்கு யோவான் திருநாளன்று, கஸ்தீனி தம் பழைய தோழர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு தொன் போஸ்கோவைக் காண வந்தார். கையில் காப்பிக் கோப்பைகள்! உழைக்கும் மக்கள் தங்களுக்குள் காசு சேர்த்து வாங்கி வந்த காணிக்கை அது. இன்று உலகெங்கும் இயங்கிவரும் சலேசிய முன்னாள் மாணவர் இயக்கம் தன் பிறப்பை அந்த நாளிலிருந்தே கணக்கிடுகிறது.

இந்நிகழ்ச்சியை நாம் விரும்பி எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போது நாம் கலந்துகொள்ளும் சந்திப்புகளில் அலங்கார வளைவும், பளிங்குக் கல்வெட்டும், அதில் யார் பெயர் முதலில் என்னும் வழக்கும் இடம்பெறக் காண்கிறோம். நன்கொடை தருவோரை நாம் குறை கூறவில்லை. ஆனால் கஸ்தீனியின் கோப்பையில் பெயர் பொறிக்கப்படவில்லை. "எங்களை மறவாத உம்மை நாங்களும் மறக்கவில்லை" என்பதே அதன் பொருள். பத்துத் தொழுநோயாளர்கள் குணமடைந்தும் ஒருவர் மட்டுமே திரும்பி வந்ததை ஆண்டவர் கவனித்தார் என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. திரும்பி வந்தவர் எதையும் கொண்டு வரவில்லை. தம்மையே கொண்டு வந்தார்.

மற்றுமொரு செய்தியும் உண்டு. 1884ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் தொன் போஸ்கோ உரோமையிலிருந்து தம் இல்லத்தாருக்கு ஒரு கடிதம் விடுத்தார். கனவு போன்ற காட்சி ஒன்றில் பழைய மாணவர் இருவர் தம் முன் தோன்றியதாக அதில் அவர் எழுதுகிறார். ஒருவர் பழைய நாள்களின் விளையாட்டு முற்றத்தைக் காட்டினார்: ஓட்டமும் பாட்டும் சிரிப்பும்; சிறுவர் நடுவே குருக்களும் துறவியரும் கதை சொல்லி விளையாடிக்கொண்டிருந்தனர். மற்றவர் அன்றைய முற்றத்தைக் காட்டினார்: தூண்களில் சாய்ந்து சோர்ந்து நிற்கும் பிள்ளைகள்; தமக்குள் பேசிக்கொண்டு ஒதுங்கி நடக்கும் பெரியோர். பிள்ளைகள் மேல் அன்பு செலுத்தினால் மட்டும் போதாது, தாங்கள் அன்பு செய்யப்படுவதைப் பிள்ளைகள் உணரவும் வேண்டும் என்பதே அக்கடிதத்தின் உயிர். நிறுவனத்தின் குறையை நிறுவனருக்கே எடுத்துக்காட்டியவர்களாகப் பழைய மாணவர்கள் அதில் வருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் புகழ்மாலை சூட்ட மட்டும் வந்தவர்கள் அல்லர். உண்மை சொல்லவும் உரிமை பெற்றவர்கள்.

தீபாவளி எண்ணெய்

மேதகு ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள் 1950ஆம் ஆண்டு திருச்சி புனித வளனார் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே நான்கு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படித்தார். 1999இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அந்நாள்களை அவர் நினைவுகூர்கிறார். திருவரங்கத்து ஐயங்கார் வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவரும், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவ மாணவர் ஒருவரும், இராமேசுவரத்து இசுலாமியராகிய அவரும் ஒரே அறையில் வாழ்ந்தனர். மூன்றாம் ஆண்டில் சைவ உணவுக்கூடத்தின் செயலராக இருந்தவரும் அவரே! விடுதிப் பொறுப்பாளராக இருந்த செக்குயிரா சுவாமிகள் இரவுதோறும் கையில் விவிலியத்தோடு ஒவ்வொரு மாணவரையும் கண்டு நலம் கேட்பார். தீபாவளி நாளில், எண்ணெய்க் குளியலுக்கென நல்லெண்ணெயை அறை அறையாகக் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்வார்.

புகழ்பெற்ற அறிவியலாளராகி, பின்பு நாட்டின் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தவர், கல்லூரியின் பெரிய கட்டடங்களைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் நாம் வியந்திருக்க மாட்டோம். கிறிஸ்தவக் குரு ஒருவர் இந்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிய கரண்டி எண்ணெய், இசுலாமிய மாணவர் ஒருவர் நெஞ்சில் அரை நூற்றாண்டு தங்கியிருந்ததே, அதுதான் வியப்பு. மறையுரைகள் மறந்துபோகலாம், மதிப்பெண்களும் மறந்துபோகலாம். 'என்னை ஒருவர் மதித்தார்' என்னும் உணர்வு மறப்பதில்லை.

புளியமரத்தடியில் நின்றவர்

'என்னை ஒருவர் இழிவுபடுத்தினார்' என்னும் உணர்வும் அவ்வாறே மறப்பதில்லை. இதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது முறையாகாது.

ஒரு சந்திப்பில், திருப்பலி முடிந்து அனைவரும் நிழற்படத்துக்காக வரிசையாக நின்றபோது, சாலையின் மறுபுறம் புளியமரத்தடியில் ஒருவர் தனியே நிற்பதைக் கண்டோம். கொத்தனார் வேலை செய்பவர். அவரும் பழைய மாணவரே என்று தோழர்கள் சொன்னார்கள். அவரிடம் சென்று, "ஏன் வெளியிலேயே நிக்கிறீங்க? உள்ளே வாங்களேன்" என்றோம்.

"இல்லைங்க சாமி. இவங்களையெல்லாம் ஒருதரம் பார்க்கணும்னுதான் வந்தேன். அந்தச் சாப்பாட்டுக் கூடத்துக்குள்ளே மட்டும் நான் கால் வைக்க மாட்டேன்" என்றார்.

பன்னிரண்டு வயதில், தாம் செய்யாத திருட்டுக்காக அந்தக் கூடத்தின் நடுவே, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, முழங்காலில் நிறுத்தி அடிக்கப்பட்டவர் அவர். விடுதிக் கட்டணம் பாக்கி வைத்த வீட்டுப் பிள்ளை என்பதால் சந்தேகம் முதலில் அவர்மீதே விழுந்தது. மறுநாள் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். காணாமற்போன பணம் ஒரு வாரத்துக்குப்பின் கிடைத்துவிட்டது. ஆனால் அவரை அழைத்துவர ஒருவரும் செல்லவில்லை. அவருடைய படிப்பு அத்தோடு நின்றது.

இப்போது விடுதிப் பொறுப்பில் இருக்கும் இளங்குரு இதைக் கேள்வியுற்றதும் சாலையைக் கடந்து வந்தார். அச்செயல் நடந்தபோது அவர் பிறக்கவே இல்லை. ஆயினும், "இந்த வீட்டின் பெயரால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், ஐயா" என்றார். அம்மனிதர் பதில் கூறவில்லை. தலையை மட்டும் அசைத்தார். கூடத்துக்குள் அன்றும் அவர் வரவில்லை. தோழர்கள் தங்கள் இலைகளை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்கே வந்து, அவரோடு தரையில் அமர்ந்து உண்டனர்.

உலகத் திரு அவையும் இத்தகைய மரத்தடிக்குச் செல்ல வேண்டியதாயிற்று. கனடா நாட்டில் பூர்வகுடி மக்களின் பிள்ளைகள் ஒன்றரை இலட்சம் பேர் அரசின் கொள்கையால் விடுதிப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். பலர் பெற்றோரிடமிருந்து வலிந்து பிரிக்கப்பட்டவர்கள். அப்பள்ளிகளில் பெரும்பகுதியைக் கத்தோலிக்க அமைப்புகளே நடத்தின. தாய்மொழி பேசியதற்குத் தண்டனை. அடி, பசி, நோய், சொல்லக் கூசும் தீங்குகள். வீடு திரும்பாமலே மாண்ட பிள்ளைகள் பல்லாயிரவர். 2008இல் அமைக்கப்பட்ட உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் அங்குப் படித்தவர்களின் சாட்சியங்களை ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பதிவு செய்து, 2015இல் தன் அறிக்கையை நிறைவு செய்தது. 2022ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் சக்கர நாற்காலியில் மாஸ்குவாசிஸ் என்னும் ஊருக்குச் சென்றார். பழைய விடுதிப் பள்ளி இருந்த இடத்தில், கல்லறைத் தோட்டத்தில் மௌனமாகச் செபித்துவிட்டு, முதியோராகிவிட்ட அம்மாணவர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார். அது முடிவன்று, தொடக்கம் மட்டுமே என்பதையும் அவரே உணர்த்தினார்.

அந்நாட்டு வரலாறு வேறு, நம் விடுதிகளின் வரலாறு வேறு. இங்கே பெற்றோர் நம்பிக் கொண்டுவந்து விட்டார்கள். பிள்ளைகள் நன்றியோடு நினைக்கிறார்கள். ஆனால் பூட்டிய கதவுக்குப்பின் பெரியவர் கையில் சிறுவர் இருக்கும் இடம் எதுவாயினும் அங்கே ஆபத்து உண்டு என்னும் பாடம் எல்லா நாட்டுக்கும் பொது. 'அடியாத மாடு படியாது' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். பிள்ளைகள் மாடுகள் அல்லர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்துள்ளது. சிறுவர்க்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தடுக்க 2012இல் வந்த சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஆணை, குருக்களும் துறவியரும் தங்களுக்குத் தெரியவரும் பாலியல் தீங்குகளைத் திரு அவை அதிகாரியிடம் தெரிவிப்பதைக் கடமையாக்கியது. 'நிறுவனத்தின் நற்பெயர் கெட்டுவிடும்' என்று வாய்மூடி இருப்பது நற்பெயரைக் காப்பதாகாது; சிறுவரைக் கைவிடுவதேயாகும்.

செய்யத்தக்கவை சில

பழைய பள்ளிக்குச் செல்லவிருக்கும் அன்பர்களுக்குச் சில கருத்துகளைத் தாழ்மையோடு முன்வைக்கிறோம்.

முதலாவது, வராதவர்களை எண்ணிப் பாருங்கள். படிப்பைப் பாதியில் விட்டவர், கடன்பட்டவர், "நான் என்ன சாதித்தேன், நான் எதற்கு வரவேண்டும்?" என்று கூசி நிற்பவர் எங்கோ ஒருவர் இருப்பார். ஒருவர் நேரில் சென்று அழைத்தால் அவர் வருவார். சந்தாத் தொகையை அவருக்குத் தெரியாமலே ஒருவர் கட்டிவிடலாம்.

இரண்டாவது, மேடையில் அமராதவர்களைத் தேடுங்கள். சமையற்கட்டில் புகையில் வெந்த அக்காவும், மணியடித்த அண்ணனும் அந்த ஊரிலேயே முதுமையில் இருக்கக்கூடும். பொன்னாடையோடு நின்றுவிடாமல், அவர்களுக்கு மருந்துச் செலவு உண்டா என்று கேளுங்கள். இறந்துபோன ஆசிரியர்களின் கல்லறையில் ஒரு மெழுகுதிரி ஏற்றி, அவர்களுக்காக ஒரு செபம் சொல்லுங்கள்.

மூன்றாவது, துன்பத்தைச் சொல்ல ஒருவர் வாய் திறந்தால், "அதெல்லாம் அந்தக் காலம், விடப்பா" என்று அடக்கிவிடாதீர்கள். அவர் முதன்முறையாகச் சொல்லும் நாள் அதுவாகவே இருக்கலாம். கேளுங்கள், நம்புங்கள், சட்டத்தின் உதவி தேவையாயின் உடன் செல்லுங்கள்.

நான்காவது, இன்று அங்கே இருக்கும் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் அமருங்கள். பெரும்பாலும் அவர்கள் அன்று வரவேற்பு நடனம் ஆடி முடித்ததும் ஓரமாக நிறுத்தப்படுவார்கள். அவர்களோடு பந்து விளையாடுங்கள். "சாப்பாடு எப்படி? இரவில் பயமா? யாரிடம் பேசுவாய்?" என்று கேளுங்கள். பெற்றோரை இழந்த பிள்ளையும், பிழைப்புக்காக ஊர் ஊராய் அலையும் தொழிலாளியின் பிள்ளையும் இன்றும் விடுதியை நாடுகிறார்கள். மழையில் நனைந்த அந்தச் சிறுவன் இன்னும் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறான். அலங்கார வளைவுக்கு ஆகும் செலவில் எத்தனை பிள்ளைகள் படிக்கலாம் என்று கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று.

அன்பர்களே, விடுதி மணி நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. நமக்கு விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது அடித்ததும் நாம் எழுந்தோம். தனியாக அன்று, எல்லாரும் சேர்ந்து எழுந்தோம். எழாதவனைப் பக்கத்துப் பாய்க்காரன் தட்டி எழுப்பினான். ஒருவன் பசித்திருக்க மற்றவன் உண்ணாத வாழ்வை அந்தச் சிறு வயதில் அரைகுறையாகவேனும் நாம் வாழ்ந்தோம். பக்கத்துப் பாய்க்காரன் இன்று எங்கே இருக்கிறான் என்று தேடிச் செல்வதே நன்றிக்கடனின் முதல் தவணை. இவ்வாண்டுச் சந்திப்புக்கு நாள் குறிக்கும் முன், உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருந்த எல்லாப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முகவரி தெரியாத பெயர் எதுவோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

இறைவன் உங்கள் முயற்சியை ஆசீர்வதிப்பாராக.